கோயில் வளைவும் கண்ணாத்தாள் பாதையும்

கண்ணாத்தாளுக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. இத்தனை வருஷத்தில் அவள் முழுசாக நம்பிய ஆள் ஒருத்தர்தான், புருஷன் அங்கமுத்து. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. நம்பிக்கையும் அதற்குப் பிறகுதான் வந்தது. மற்றபடி பால்காரன் ஊற்றுகிற பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். கோழி இன்றைக்கு முட்டை வைக்கவில்லையென்றால் முதலில் பக்கத்து வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பாள், கோழியைப் பிறகு. பஸ் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஜலகண்டாபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவளைப் பதினெட்டு வயதில் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊஞ்சக்காட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாலு ஏக்கர் காடு, ஒரு கிணறு, ரோட்டோரத்தில் வரிசையாகப் பதினோரு தென்னை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காட்டில் குனிந்து நிமிர்ந்ததுதான் அவள் வாழ்க்கை. நடுவில் ஒரு நாள் டேப்பும் கையுமாக நாலு பேர் வந்தார்கள். "சும்மா அளந்து பாக்கறோமுங்க" என்றார்கள். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று கண்ணாத்தாள் மோர் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்தார்கள். அடுத்த மாதம் அவள் காட்டில் ஒரு கல் முளைத்தது. கல்லில் ஒரு எண் இருந்தது. அதற்கடுத்த வருஷம் பதினோரு தென்னையும் இல்லை, ரோட்டோரமும் இல்லை. நாலு வழிச் சாலை பனை உயரத்துக்கு மேடேறிப் போயிற்று. அதிலிருந்து அவள் காட்டுக்கு இறங்க ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட வழி விடவில்லை. கொடுத்த மோரை நினைத்து அவள் இன்றைக்கும் பல்லைக் கடிப்பாள்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். சர்வீஸ் ரோட்டிலிருந்து மாதா கோயில் கேட்டுக்குள் நுழைந்து, தெற்குச் சுவரை ஒட்டி, புளியமரத்தடியில் திரும்பினால் அவள் காடு வரும். மாட்டுவண்டி போன பாதை. இப்போது டிராக்டர் போகும். கோயில் இடத்தில் போகிற பாதை, ஆனால் பத்திரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் யாரோ யாரிடமோ வாயால் சொன்னது. பாதை அவள் காட்டோடு நிற்காது. நடுக்காட்டைத் தாண்டி ஓடைக்கரைக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகும். ஊரில் கிறிஸ்தவர் வீடு முப்பது. அங்கே யாராவது செத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் காட்டு வழியாகத்தான் போவார்கள். கண்ணாத்தாள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் நிற்பாள். கடைசி ஆள் தாண்டியதும் மறுபடி குனிந்துவிடுவாள். அதைப் பற்றி அவள் யோசித்ததேயில்லை. கோயில்காரர்கள் என்றைக்குக் கேட்டைச் சாத்துவார்களோ என்பது ஒன்றுதான் அவள் யோசனை. எதற்கும் இருக்கட்டும் என்று புளியமரத்தடித் திருப்பத்தில் இலந்தை முள் ஒரு கட்டு வெட்டிப் போட்டு வைத்திருந்தாள். அவர்கள் அந்தப் பக்கம் அடைத்தால் இவள் இந்தப் பக்கம் அடைப்பாளாம். வருஷா வருஷம் மக்கிப்போன முள்ளை மாற்றிப் புது முள் போடுவாள்.

கோயில் ஒன்றும் பெரிய கோயில் இல்லை. பக்கத்துக் கரட்டுக் குன்றில் உடைத்த கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியது. காரையில் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்தார்கள் என்பார்கள். சுவரின் கனம் இரண்டு முழம். சித்திரை வெயிலில் உள்ளே போய் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது. மேலே பனங்கைமரம், அதன் மேல் சீமை ஓடு. அழகு என்று சொன்னால் வாசல் வளைவைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் கோணல் அழகு. பத்தொன்பது கல், இடப் பக்கம் ஒன்பதும் கறுப்பு, வலப் பக்கம் ஒன்பதும் சிவப்பு, உச்சியில் சிலுவை கொத்திய ஒரு கல். இடது தோள் கொஞ்சம் இறங்கி, தண்ணீர்க் குடம் சுமக்கிற பெண் மாதிரி நிற்கும்.

அதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. பஞ்ச காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இங்கே கஞ்சித்தொட்டி வைத்தாராம். கல் சுமந்தவனுக்குக் கஞ்சி. இரண்டு ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒருத்தர் தொட்ட பானையை ஒருத்தர் தொட மாட்டார்கள். சாமியார் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் வளைவில் இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். இவர்கள் கறுப்புக் கல்லில் ஏறி வந்தார்கள், அவர்கள் சிவப்புக் கல்லில் ஏறி வந்தார்கள், உச்சிக் கல்லில்தான் முகத்தை முகம் பார்த்தார்கள். வயிறு காய்ந்த நேரத்திலும் வீம்பு காயவில்லை பாருங்கள். அந்தக் கோணல் ஒன்றரை நூற்றாண்டு நின்றது. மணிக்கூண்டில் காக்கை போட்ட அரச விதை ஒன்று முளைத்து, வேரை வளைவுக்குள் விட்டுக் கல்லை நெம்பத் தொடங்கிய பிறகுதான் ஆபத்து வந்தது.

போன புரட்டாசியில் யாழினி என்று ஒரு பெண் சேலத்திலிருந்து வந்தாள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியர். வளைவை அளந்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். அதோடு விட்டிருந்தால் கண்ணாத்தாள் பேசாமல் போயிருப்பாள். அந்தப் பெண் டேப்பை எடுத்துப் பாதையின் அகலத்தையும் அளந்தாள்.

"ஏனம்மிணி, பாதைய எதுக்கு அளக்கறே?" என்றாள் கண்ணாத்தாள்.

"லாரி போகுமான்னு பார்க்கறேம்மா. சும்மா ஒரு அளவு" என்றாள் யாழினி சிரித்துக்கொண்டே.

சும்மா ஒரு அளவு! கண்ணாத்தாளுக்கு அந்த நாலு பேர் குடித்துவிட்டுப் போன மோர் நெஞ்சு வரைக்கும் வந்தது.

அந்த வாரமே மகள் சரிதாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஜலகண்டாபுரம் போக வேண்டியதாயிற்று. பத்து நாள் அங்கே இருந்தாலும் மனசெல்லாம் கேட்டில்தான் இருந்தது. திரும்பி வந்து புளியமரத்தடியில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். உழாமல் போட்டிருந்த அவள் காட்டில் கல் கிடந்தது. ஒன்றல்ல, பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு எண். கோயில் வாசலைப் பார்த்தால் வளைவு இல்லை. மரத்தூணைக் கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள், பல் பிடுங்கின வாய் மாதிரி.

வளைவுக் கல்தான் என்பது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தால் போதுமா? கோயில் கல்லை வைக்கக் கோயிலில் இடமில்லையா? இவள் காட்டில் எதற்கு? அதிலும் எண் எதற்கு? எண் போட்ட கல் ஒரு காட்டில் கிடந்தால் அந்தக் காடு அப்புறம் யாருடையது என்பதை அவள் ஒரு தடவை பார்த்தவள்.

உபதேசியார் இன்னாசியிடம் போனாள். முப்பது வருஷமாகக் கோயிலில் மணியடிக்கிறவர், ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர், சாமியார் இல்லாத நாளில் எல்லாமே அவர்தான்.

"ஏனுங்க உபதேசியாரே, என்ற காட்டுல கல்லப் போட்டிருக்கறீங்களே, யாரக் கேட்டுப் போட்டீங்க?"

இன்னாசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மாதேஷ் தம்பிகிட்டக் கேட்டுட்டமுங்கக்கா. ஒரு மாசத்துக்குத்தானுங்க."

"என்னைய ஏன் கேக்கல?"

"நீங்க ஊர்ல இல்லீங்களே."

"பாதையும் அளந்தீங்களே?"

இன்னாசி மென்று விழுங்கினார். "அதெல்லாம் சாமியாரு பாத்துக்குவாருங்க. நா வாரனுங்கக்கா, மணியடிக்கோணும்" என்று நழுவிவிட்டார். மணியடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பாதை என்றதும் மனுஷன் முகம் போன போக்கைக் கண்ணாத்தாள் கவனித்துக்கொண்டாள்.

மகன் மாதேஷ் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியில் வேலை பார்க்கிறான். போன் போட்டால் பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "ஆமாம்மா, எடம் கேட்டாங்க, சரின்னேன். உன்கிட்டச் சொல்ல மறந்துபோச்சு. கல்லுதானே, கடிக்கவா போகுது?"

"கையெழுத்து எதாச்சும் போட்டயா?"

"போன்ல எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

அவள் அதையும் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில்காரர்கள் எல்லோரும் சேலத்தில் ஏதோ விழா என்று இரண்டு வேனில் புறப்பட்டுப் போனார்கள். கண்ணாத்தாள் வேன் சத்தம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர், ஒரு கைப்பிடி தேங்காய் நார், ஒரு கருக்கரிவாள் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் காட்டில் இறங்கினாள்.

பெயின்ட் அடித்தால் பழைய கல்லில் கறை நின்றுவிடும் என்று சுண்ணாம்பில் எழுதச் சொன்னவள் யாழினிதான். நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணம் கண்ணாத்தாளுக்கு வசதியாகப் போயிற்று. தண்ணீரை ஊற்றி நாரால் நாலு தேய்ப்பு, எண் காணாமல் போயிற்று. ஏழு, பதினான்கு, மூன்று என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழித்தாள். ஒரு கல்லில் சுண்ணாம்பு வழிந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது. அரிவாளால் சுரண்டினாள். பழைய காரை பெயர்ந்து விழுந்தது. அடியில் உளியால் கொத்திய உருண்டைக் குழி மூன்று. அடுத்த கறுப்புக் கல்லைச் சுரண்டினாள், நாலு குழி. சிவப்புக் கல்லைச் சுரண்டினாள். குழியில்லை, கோடு, இரண்டு கோடு. மேலே எழுதியது போதாதென்று பக்கத்திலும் திருட்டுத்தனமாகக் கொத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆறு கல்லைச் சுரண்டிப் பார்த்தாள். குழியைத் தேய்த்து அழிக்க முடியாதே! சேற்றைக் குழைத்து ஆறிலும் அப்பி மூடினாள். அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் கோயிலில் கூச்சல் கிளம்பியது. கொத்தனார் குருமூர்த்தி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணை நம்பி, இறக்கிய இடத்தில் இறக்கியபடி கல்லைப் போட்டிருந்தார்கள். கறுப்பு இந்தப் பக்கம், சிவப்பு அந்தப் பக்கம் என்பது வரைக்கும் குழந்தைக்கும் தெரியும். கறுப்பில் எது முதலில், எது அடுத்து? எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லுக்கென்றே இழைத்தது. இரண்டைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். நடுவில் விரல் நுழைந்தது. யாழினி போனில் எடுத்த படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். படத்தில் எண் இருந்தது, கல்லில் இல்லை.

"ஐப்பசி மழை புடிச்சா இந்த முட்டு தாங்காதுங்க. மேச்சுவரு மொத்தமா எறங்கிரும்" என்றார் குருமூர்த்தி.

கண்ணாத்தாள் தன் காட்டு வரப்பில் களை வெட்டுகிற மாதிரி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண் காட்டை எடுக்கப் போட்ட எண் இல்லை. வளைவைத் திரும்பக் கட்டப் போட்ட எண். போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். சொன்னால்? கோயிலை இடிக்கப் பார்த்தவளுக்குக் கோயில் வழியாகப் பாதை எதற்கு என்பார்கள். கேட்டைச் சாத்திவிட்டால் அவளுடைய காடு தீவுதான். எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

சந்தேகம் என்பது சும்மா இருக்காதே, யார் தலையிலாவது போய் உட்கார வேண்டும். அது மணிமாறன் தலையில் உட்கார்ந்தது. டிராக்டர் வைத்திருக்கிறவன். கல் இறக்குகிற வேலையைக் கேட்டான், வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், டீக்கடையில் நாலு வார்த்தை கத்தினான். அது போதாதா? செவ்வாய்க்கிழமைக்குள் ஊரே முடிவு கட்டிவிட்டது. புதன்கிழமை அவன் கண்ணாத்தாள் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்க வந்தான்.

"என்னையப் பாத்தா கல்ல அழிக்கறவனாட்டம் இருக்குதுங்களா, அக்கா?" என்றான். கண் சிவந்திருந்தது. "எங்கப்பனுக்கு முட்டி வலி வந்தப்ப அந்த மாதாவுக்குத்தானுங்க மெழுகுவத்தி வெச்சேன். நாளான்னிக்கு போலீசு டேசனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமா."

கண்ணாத்தாள் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போன பிறகு அந்தச் சொம்பைக் கழுவக்கூட அவளுக்குக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிறத்தியாரைச் சந்தேகப்பட்டே பழகியவள் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை பூரா குருமூர்த்தி கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அடுத்தடுத்த கல்லு எதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க" என்று யாழினியிடம் புலம்பினார். வரப்பில் கண்ணாத்தாளின் களைக்கொத்து நின்றது. ஒன்றில் மூன்று குழி. இன்னொன்றில் நாலு. அளக்க வந்தவன் கொத்தியது என்றால் காரைக்குள்ளே எப்படிப் போகும்? காரை பூசுவதற்கு முன்னால் கொத்தியது. கட்டினவன் கொத்தியது! எது அடுத்தது என்று கல்லே சொல்கிறது. அந்த வாயைத்தான் இவள் சேற்றால் மூடி வைத்திருக்கிறாள். ஊரில் இது தெரிந்தவள் இவள் ஒருத்திதான். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதிலும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் புளியமரத்தடியில் கூட்டம். கோயில் சாமியார், இன்னாசி, யாழினி, கொத்தனார்கள், நடுவில் மணிமாறன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ நின்றது. கண்ணாத்தாள் தண்ணீர்க் குடமும் நாரும் அரிவாளுமாக வந்தாள். ஒரு கறுப்புக் கல்லருகே முட்டி போட்டு, பக்கவாட்டிலிருந்த சேற்றைக் கழுவினாள்.

"இதுல மூணு குழி" என்றாள். பக்கத்தில் நகர்ந்தாள். "இதுல நாலு. செவப்புல குழி இல்ல, கோடு. மத்ததச் சொரண்டிப் பாருங்க, இருக்கும்."

யாழினி மண்ணில் உட்கார்ந்து குழிகளை விரலால் தடவிப் பார்த்தாள். குருமூர்த்தி ஓடிப் போய் இன்னொரு கல்லைச் சுரண்டினார். "அஞ்சு! அஞ்சு குழி இருக்குதுங்க!" என்று கத்தினார்.

"ஒரு ஊர்க்காரங்க கல்லை இன்னொரு ஊர்க்காரங்க எடுத்துடக் கூடாதுன்னு ஆளுக்கொரு அடையாளமா போட்டிருக்காங்க" என்றாள் யாழினி. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்னாசி மட்டும் கல்லைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எப்பிடிங்கக்கா தெரியும்?" என்றார்.

"நாந்தான் தேச்சு அழிச்சேன். அந்தப் பையன உட்டுருங்க."

மணிமாறன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா? நாங்க உங்களுக்கு என்ன பண்ணுனோம்?" என்றார் இன்னாசி.

"பாதைய அளந்தீங்களே! கேட்டா ஒருத்தரும் மூஞ்சியக் குடுத்துப் பேசல. நாளைக்கு நீங்க கேட்டச் சாத்திப்போட்டா நா எந்த வழியில என்ற காட்டுக்குப் போவேன்? சொல்லுங்க, எந்த வழியில போவேன்?"

இன்னாசி பக்கத்துக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நாங்க சாத்தறதாவது! உங்க காட்டுக்குள்ள நீங்க அடைச்சுப்போட்டா, நாங்க பொணத்த எந்த வழியில கொண்டுபோறதுங்க?" கையை நீட்டித் திருப்பத்தைக் காட்டினார். "வருசா வருசம் புது முள்ளு வெட்டிப் போடறீங்க. அங்கமுத்து அண்ணன் இருந்தப்பவும் போட்டீங்க, போனப்புறமும் போடறீங்க. ஒவ்வொரு சாவு உழுகறப்பவும், இன்னைக்கு அக்கா அடைச்சிருக்குமான்னு என்னையத்தான் முன்னால அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்லுவாங்க. பாதைன்னு பேச்செடுத்தாலே நீங்க அடைச்சுப்போடுவீங்கன்னு பயமுங்க. அதுனாலதான் கல்லு வெக்கக்கூடத் தம்பிகிட்டக் கேட்டமுங்க."

கண்ணாத்தாள் முள்ளைப் பார்த்தாள். எத்தனையோ சாவுக்கு அவள் துண்டை அவிழ்த்துவிட்டு வரப்பில் நின்றிருக்கிறாள். போகிறவர்கள் எல்லோரும் ஏன் குனிந்த தலை நிமிராமல், அவள் பக்கம் பார்க்காமல், வேக வேகமாகப் போனார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. துக்கம் என்று நினைத்திருந்தாள். ஊரில் எல்லோரையும் பார்த்து அவள் பயந்திருக்கிறாள். தன்னைப் பார்த்து முப்பது வீடு பயந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கே சாரத்தில் ஏறினார்கள். ஒரு குழி, இரண்டு குழி, மூன்று குழி என்று கறுப்புக் கல் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் ஒரு கோடு, இரண்டு கோடு. நாலாம் நாள் சாயங்காலம் சிலுவைக் கல்லை இறக்கியபோது வளைவு பழையபடி இடது தோளை இறக்கிக்கொண்டு நின்றது. நேராக்கிக் கட்டலாமா என்று யாரோ கேட்டதற்கு யாழினி முறைத்தாள்.

அதற்குள் கண்ணாத்தாள் புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள். திருப்பத்திலிருந்த முள்கட்டை இழுத்து வந்து, அரிவாளால் நறுக்கி நறுக்கி அடுப்பில் வைத்தாள். காய்ந்த இலந்தை முள் படபடவென்று எரிந்தது. பெரிய பாத்திரம் நிறைய டீ கொதித்தது. கொத்தனார்களுக்குக் கொடுத்தாள், சாமியாருக்குக் கொடுத்தாள், இன்னாசிக்குச் சர்க்கரை குறைத்துக் கொடுத்தாள். வாங்கிய எல்லோரும் குடித்தார்கள்.

மணிமாறன் மட்டும் டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடித்தான். கண்ணாத்தாள் அதைப் பார்த்தாள். அவனுக்கு இன்னொரு தடவை ஊற்றினாள்.